கீமோவுக்குப் பின் வரும் மறதி: வேலையை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 49. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் எட்டுக் கீமோ ஊசிகள் போட்டு, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்து முடித்துப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. நோய் இப்போது இல்லை என்கிறார்கள். ஆனால் என் மூளை பழையபடி இல்லை. கடன் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேரேட்டின் பக்கம் திரும்புவதற்குள் கடைசி இரண்டு இலக்கங்கள் மறந்துவிடுகின்றன. சென்ற மாதம் ஒருவர் கட்டிய நகைக் கடன் வட்டியை இன்னொருவர் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போடுகிறேன். நன்றாகத் தெரிந்தவர் பெயர் பேசும்போது வாயில் வராது; இரவு பாத்திரம் கழுவும்போது தானாக வரும். மருத்துவரிடம் சொன்னால், “பிழைத்ததே பெரிது, வயதும் ஆகிறதல்லவா” என்கிறார். “நீ கவனமாக இருப்பதில்லை” என்கிறார் கணவர். என் மாமியார் மறதி நோயில் ஐந்து ஆண்டுகள் படுத்திருந்துதான் இறந்தார். எனக்கும் அதுதானா? தவறு பெரிதாவதற்குள் விருப்ப ஓய்வு வாங்கிவிடலாமா? இப்போது நான் சாப்பிடுபவை: புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தாமாக்ஸிஃபென், சர்க்கரைக்கு ஆறு ஆண்டுகளாக மெட்ஃபார்மின், கால் மதமதப்புக்கு இரவில் பிரிகாபலின், தூக்கத்துக்கு அல்பிரசோலம், அரிப்பு வந்தால் அவில்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு முதலில் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் தொல்லை உண்மையானது. கற்பனையும் அன்று, அலட்சியமும் அன்று. எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது உங்கள் மாமியாருக்கு வந்த நோயாகத் தெரியவில்லை. விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை இப்போது எழுத வேண்டாம். இந்த மூன்றாவது பதிலுக்கான காரணம், நீங்கள் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதிய மாத்திரைப் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தத் தொல்லைக்கு ‘கீமோ பிரெயின்’ என்ற பெயரை மருத்துவர்களாகிய நாங்கள் வைக்கவில்லை. சிகிச்சை முடித்த பெண்கள் தமக்குள் பேசிக்கொண்ட சொல் அது. கவலையும் மனச்சோர்வும்தான் இப்படித் தோன்றச் செய்கின்றன என்று சொல்லி நெடுநாள் அவர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பதை இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1998-ல் நெதர்லாந்தில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களை முறையாகச் சோதித்தபோது, மிக அதிக அளவில் கீமோ பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்கும், வழக்கமான அளவில் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கும், கீமோ தேவைப்படாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் சிந்தனைத் திறனில் குறைவு தென்பட்டது. 2017-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், மார்பகப் புற்றுநோய் கண்ட 581 பெண்களையும் அதே வயதையொட்டிய, புற்றுநோய் இல்லாத 364 பெண்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். கீமோ முடிந்த நேரத்தில் நோயாளிகளில் 45 விழுக்காட்டினர் தங்கள் நினைவும் சிந்தனையும் முன்னைவிடக் குறைந்ததை உணர்ந்தார்கள். மற்ற பெண்களில் அப்படி உணர்ந்தவர்கள் 10 விழுக்காட்டினர்தாம். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோதும் நோயாளிகளில் 36 விழுக்காட்டினருக்கு மேல் அதையே சொன்னார்கள். வயது ஆகிறது என்பது மட்டுமே காரணமாக இருந்தால் இரண்டு தரப்புக்கும் ஒரே அளவில்தானே ஆகியிருக்க வேண்டும்? அடுத்த முறை யாராவது உங்களிடம் வயதைக் காரணம் காட்டினால் இதைச் சொல்லுங்கள்.

இது ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. உங்களுக்குப் போட்ட எட்டு ஊசிகள், பெரும்பாலானவர்களுக்குப் போடுவதுபோல, முதலில் சிறுநீரைச் சிவப்பாக்கும் அந்தச் சிவப்பு மருந்தும் கூட இன்னொன்றுமாக நான்கு முறை, பிறகு பக்லிடாக்செல் நான்கு முறை என்று இருந்திருக்கும். இவற்றில் பலவும் மூளைக்குள் நேரடியாக நுழைவது அரிது. ஆனால் அவை உடல் முழுவதும் கிளப்பிவிடும் அழற்சிப் பொருள்கள் மூளையை எட்டி, நரம்பிழைகளின் உறையையும் அவற்றைப் பேணும் செல்களையும் தொந்தரவு செய்கின்றன. கீமோ, பலருக்கு மாதவிலக்கை ஒரே வீச்சில் நிறுத்திவிடுவதால், பல ஆண்டுகளில் படிப்படியாக நடக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் குறைவு சில மாதங்களில் நடந்துவிடுகிறது. நோயே ஒரு காரணம் என்றும் எண்ண இடமிருக்கிறது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் முதல் ஊசி போடுவதற்கு முன்பே சோதித்தபோதும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண்ணுக்கு இந்தக் குறை இருந்தது. ஆகவே பழியை எல்லாம் கீமோவின் மேல் போட்டு, போடாமல் இருந்திருக்கலாமோ என்று நள்ளிரவில் வருந்த வேண்டாம். கரண்டைப் பற்றியும் ஒரு சொல்: அதை உங்களுக்கு மார்பில்தான் வைத்தார்கள், அது மூளைக்குப் போகவில்லை. கழுத்தெலும்பை ஒட்டியும் வைத்திருந்தால் தைராய்டை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்களைப் போன்றவர்கள் சொல்லும் இன்னொரு குறை, மருத்துவமனையில் முப்பது மதிப்பெண்ணுக்கு வைக்கும் நினைவுச் சோதனையில் எல்லாம் சரியாக வந்துவிடுகிறது, ஆனால் வேலையில் முடியவில்லை என்பது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2006-ல் செய்த ஓர் ஆய்வு இதைப் புரிந்துகொள்ள உதவும். ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு முன் கீமோ பெற்ற பெண்களுக்கு, நினைவுப் பயிற்சி ஒன்றைச் செய்யும்போதே மூளையைப் படம் எடுத்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட, அதே பயிற்சியை முடிக்க அவர்களுடைய மூளையின் முன்பகுதி கூடுதலாக உழைத்தது. பழைய மோட்டார் அதே அளவு தண்ணீரை இறைக்க அதிக மின்சாரம் இழுப்பது போன்றது இது. பத்து நிமிடச் சோதனையில் தெரியாத இந்தக் கூடுதல் உழைப்பு, மாலை நான்கு மணிக்கு ரொக்கத்தைக் கணக்கோடு நேர்பார்க்க உட்காரும்போது களைப்பாகவும் தவறாகவும் வெளிப்படுகிறது. முப்பது மதிப்பெண் சோதனைகள் முதுமை மறதியைக் கண்டுபிடிக்க உருவானவை; இந்த நுட்பமான குறை அவற்றில் அகப்படாது. முழுமையான நரம்பு உளவியல் பரிசோதனை, கற்றல், வேகம், இரண்டு வேலைகளுக்கிடையே மாறும் திறன் ஆகியவற்றைத் தனித்தனியாக அளக்கும். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையிலும், மருத்துவ உளவியலாளர் இருக்கும் பெரிய மருத்துவமனைகளிலும் அதைச் செய்வார்கள். ஆனால் உடனே ஓட வேண்டிய அவசியம் இல்லை.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். முதுமை மறதி நோயில் முறையிடுபவர் பெரும்பாலும் குடும்பத்தார். நோயாளிக்குத் தான் மறப்பது பல நேரம் தெரிவதே இல்லை. உங்கள் கடிதத்தில் நடந்த தவறு, நடந்த நேரம், எந்தக் கணக்கு என்று எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. பாத்திரம் கழுவும்போது அந்தப் பெயர் தானாக வருகிறது என்று எழுதினீர்களே, நான் மிகவும் கவனித்தது அந்த வரியைத்தான். பெயர் பத்திரமாக உள்ளே இருக்கிறது. தேவையான நொடியில் எடுத்துக் கொடுக்கும் வேகம்தான் குறைந்திருக்கிறது. கடன் எண் மறப்பது இதிலிருந்து வேறுபட்டது. பேரேட்டுக்குத் திரும்பும் அந்த ஒரு நொடியில் எதிரே நிற்பவர் ஏதோ கேட்டிருப்பார். எண் மனத்தில் பதியவே இல்லை. பதியாததை மறந்தேன் என்று சொல்வது பொருந்தாது. உப்பும் அப்படித்தான்: முதல் முறை போட்டபோது மனம் அங்கே இல்லை. இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், நினைவை வளர்க்கிறோம் என்று சொல்லிச் செய்யும் பல முயற்சிகள் இங்கே வீணாகிவிடும் என்பதுதான். நமக்குத் தேவை, பதிகிற நேரத்தைக் காப்பாற்றுவது. உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு: அவர் கணவரைப் பெற்றவர் என்பதால் அவருடைய நோய் உங்கள் இரத்தத்தில் வர வழியில்லை. நம் ஊர் வழக்கப்படி அத்தை மகனையே மணந்திருந்தீர்களானால் இந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அப்போதும், 49 வயதில் கீமோவுக்குப் பின் தொடங்கிய இந்தத் தொல்லைக்கு அது முதல் காரணமாகாது.

மாத்திரைப் பட்டியலுக்கு வருவோம். கீமோவால் வந்த பகுதியை என்னால் அழிக்க முடியாது. அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் மற்றவற்றை இறக்கிவிட முடியும். உங்கள் பட்டியலில் அப்படி மூன்று மாத்திரைகள் இருக்கின்றன. பக்லிடாக்செல் தந்த கால் மதமதப்புக்குக் கொடுக்கும் பிரிகாபலின், மந்தத்தையும் கவனக் குறைவையும் உண்டாக்கும் என்பது தெரிந்த விஷயம். அல்பிரசோலம் தூக்கத்தைத் தருகிறது, ஆனால் புதிய செய்தி மனத்தில் பதிவதையே தடுக்கும் வகையைச் சேர்ந்தது. அவில் ஒரு நாள் அரிப்புக்குப் போட்டாலும் மறுநாள் காலை வரை மூளையில் மப்பாக நிற்கும். இம்மூன்றும் சேர்ந்தால், நோயே இல்லாத முப்பது வயதுக்காரர்கூட ரொக்கத்தில் தவறு செய்வார். இதைப் படித்துவிட்டு நாளை இரவே அவற்றை நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலத்தையும் பிரிகாபலினையும் திடீரென்று நிறுத்தினால் படபடப்பும், சிலருக்கு வலிப்பும் வரக்கூடும்; எழுதிக் கொடுத்த மருத்துவர் பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அவிலை மட்டும் விட்டுவிட்டு, மயக்கம் குறைவாகத் தரும் அரிப்பு மாத்திரை எது என்று கேளுங்கள்.

நான்காவதாக மெட்ஃபார்மின். அது நல்ல மருந்து, தொடருங்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது வைட்டமின் பி12-ஐக் குறைக்கும். பி12 குறைந்தால் மறதியும் வரும், கால் மதமதப்பும் வரும். ஆக, கீமோவால்தான் என்று நாம் முடிவுகட்டிய மதமதப்பில் ஒரு பங்கு இதனால் இருந்தால், பி12 ஊசியில் அது குறைந்து, பிரிகாபலினின் அளவையும் குறைக்க வழி பிறக்கும். நீங்கள் மரக்கறி மட்டும் உண்பவராக இருந்தால் இந்த ஐயம் இன்னும் வலுக்கிறது. பி12 அளவு, இரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சோடியம், கால்சியம், மூன்று மாதச் சர்க்கரை ஆகியவற்றை ஒரே முறை இரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். மூளை ஸ்கேன் எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கீழே சொல்லப்போகும் அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு அதனால் பெரும்பாலும் பயன் இல்லை, செலவும் பயமும்தான் மிச்சம்.

தாமாக்ஸிஃபெனுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். அதைச் சாப்பிடுபவர்களில் சிலருக்குச் சொற்களை நினைவுகொள்வது சற்றுக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனினும் ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டால், அது பலிக்கும் வகைப் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது. இந்த மாத்திரையில் கை வைக்காதீர்கள். இன்னொன்று முக்கியம்: மதமதப்புக்கோ, உடல் திடீரென்று காந்துவதற்கோ, மனச்சோர்வுக்கோ யார் புதிய மாத்திரை எழுதினாலும், “நான் தாமாக்ஸிஃபென் சாப்பிடுகிறேன்” என்று முதலில் சொல்லுங்கள். பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் தாமாக்ஸிஃபெனை உடல் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவதைத் தடுக்கின்றன. மதமதப்புக்குத் தரும் டுலாக்ஸெடினும் ஓரளவு அப்படிச் செய்யும்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரு சொல்தான் எழுதினீர்கள். நான் நிறையக் கேட்க விரும்புவது அதைப் பற்றித்தான். இரவில் வியர்த்து எழுந்து, மின்விசிறியைக் கூட்டி, மீண்டும் படுத்து, நோய் திரும்பிவிடுமோ என்று எண்ணிக்கொண்டே விடியும் இரவுகளாக இருந்தால், மறுநாள் கணக்கு எப்படி நேராகும்? எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுவது, பகலில் அரை மணிக்கு மேல் படுக்காமல் இருப்பது, தூக்கம் வராதபோது படுக்கையில் புரளாமல் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்திருப்பது ஆகியவை எளியவையாகத் தெரிந்தாலும், சில வாரங்கள் விடாமல் செய்தால் அல்பிரசோலம் இல்லாமலே பலருக்குத் தூக்கம் திரும்புகிறது. மருத்துவ உளவியலாளர் இதையே முறையாகக் கற்றுத்தருவார். மனம் எதிலும் பற்றில்லாமல் போவது, காரணமின்றி அழுகை வருவது போன்றவை இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மனச்சோர்வும் கவனத்தைக் குலைக்கும், அதற்கு மருந்தும் பேச்சும் உண்டு. 14416 என்ற கட்டணமில்லா அரசு எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நினைவை மீட்க மாத்திரை இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் கேட்காததற்கு நன்றி, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். முதுமை மறதிக்குத் தரும் டோனபெசில் மாத்திரையை, கீமோ முடித்த 276 பெண்களிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். வெறும் மாவு மாத்திரையைவிட அது எந்த வகையிலும் மேலாக இல்லை. கீமோ தொடங்கும் காலத்திலிருந்தே ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்ததும் அவ்வாறே முடிந்தது. வல்லாரையைத் துவையலாகவோ கூட்டாகவோ சாப்பிடுங்கள், கீரைக்கு நான் எதிரி இல்லை. வல்லாரை மாத்திரையும் பொடியும் அளவின்றிச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு என்பதால் அவற்றை வேண்டாம் என்கிறேன். மஞ்சளும் மிளகுச் சத்தும் கலந்த மாத்திரைகளையும் தவிருங்கள். அவை இரத்தத்தில் தாமாக்ஸிஃபெனின் அளவைக் குறைப்பதாக 2019-ல் நெதர்லாந்தில் சிறிய அளவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இது பொருந்தாது.

மாத்திரையைவிட நடையில் எனக்கு நம்பிக்கை அதிகம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி, பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடங்கள். களைப்பாக இருக்கும்போது நடப்பது முரணாகத் தோன்றும்; புற்றுநோய்க்குப் பின் வரும் களைப்பை ஓய்வைவிட நடைதான் நன்றாகக் குறைக்கிறது. யோகாவும் உதவும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 200 பெண்களிடம் நடந்த ஆய்வில், பன்னிரண்டு வாரம் யோகா பயின்றவர்கள், பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து, பயிலாதவர்களைவிட 23 விழுக்காடு குறைவாகவே மறதித் தொல்லையைச் சொன்னார்கள்.

உங்கள் மேசைக்கு வருகிறேன். கடன் எண்ணைப் பார்த்து மனத்தில் தூக்கிக்கொண்டு பேரேட்டுக்குப் போகும் பழக்கத்தை விடுங்கள். ரசீதைப் பேரேட்டின் பக்கத்திலேயே வைத்து, விரலை எண்ணின் மேல் வைத்து, இரண்டிரண்டு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லி எழுதுங்கள். எழுதியதை மீண்டும் ரசீதோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். நடுவில் யாராவது கேட்டால், “ஒரு நிமிடம் ஐயா, இந்த வரியை முடித்துவிடுகிறேன்” என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கண் கூர்மையாக இருக்கும் காலை நேரத்தில் பதிவு வேலையையும், பிற்பகலில் கோப்பு அடுக்குவது போன்ற வேலையையும் வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத்தை மாலையில் மட்டும் எண்ணாமல் மதிய உணவுக்கு முன்பும் ஒருமுறை எண்ணினால், தவறு வந்தாலும் தேட வேண்டிய ரசீதுகள் பாதியாகிவிடும். நினைவில் வைக்க வேண்டியவற்றை ஒரே ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நாட்காட்டியின் பின்புறம், கைப்பேசி, துண்டுச் சீட்டு என்று சிதறினால் எழுதியதைத் தேடுவதே இன்னொரு வேலையாகும். வீட்டில், உப்புப் போட்டதும் உப்பு ஜாடியை அடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றி வையுங்கள். ஜாடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே பதில்.

இந்தப் பகுதியை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். ஐயா, உங்கள் மனைவி கவனமாக இல்லாமல் இருக்கவில்லை. முன்னைவிட இரு மடங்கு கவனம் செலுத்தியும் முன்னைப்போல் வருவதில்லை என்பதுதான் அவருடைய துயரம். திருத்துவதற்குப் பதிலாக, அவர் சமைக்கும்போதும் கணக்குப் பார்க்கும்போதும் பின்னாலிருந்து பேச்சுக் கொடுக்காமல் இருந்தாலே பாதி உதவி. தொலைக்காட்சியின் ஒலியையும் குறைத்து வையுங்கள்.

விருப்ப ஓய்வைப் பற்றி: கீமோவுக்குப் பின் முதல் ஓராண்டு, ஈராண்டில் பலருக்குத் தெளிவு திரும்புகிறது; சிலருக்கு ஒரு பங்கு ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். உங்களுக்கு எது நடக்கும் என்பதை, மேலே சொன்ன மாத்திரைகளும் தூக்கமும் பி12-ம் சரியான பிறகுதான் கணிக்க முடியும்; மப்பில் இருக்கும் மூளையை வைத்து மீதி ஆண்டுகளின் சம்பளத்தைக் கைவிடுவது நல்ல கணக்கு ஆகாது. சங்கச் செயலாளரிடம் இப்போதே சொல்லி, ஆறு மாதத்துக்கு ரொக்க மேசையிலிருந்து மாற்றி வேறு பதிவுப் பணி தரும்படியோ, உங்கள் நகைக் கடன் பதிவுகளை இன்னொருவர் சரிபார்த்துக் கையொப்பமிடும்படியோ எழுத்தில் கேளுங்கள். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் இதற்கென ஒரு கடிதம் கேட்டால் தருவார்கள். தவறு நடந்த பிறகு விளக்கம் எழுதுவதைவிட இது எளிது. ஆறு மாதத்துக்குப் பின்னும் வேலை முடியவில்லை என்றால், அப்போது அந்த முழுப் பரிசோதனையைச் செய்துகொண்டு, அதன் முடிவைக் கையில் வைத்து ஓய்வைப் பற்றிப் பேசலாம்.

எந்த நிலையில் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் எழும்போதே தலைவலியும் வாந்தியும், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிவது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, சில நாட்களிலேயே குழப்பம் வேகமாகக் கூடுவது, வீட்டார் கவனிக்கும் அளவுக்குக் குணம் மாறுவது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அப்படி எதுவும் இல்லாவிட்டால், அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் கொட்டுங்கள். “மறதியாக இருக்கிறது” என்று மட்டும் சொல்லாமல், வட்டி மாறிப்போனதையும், ஒரு வாரத்தில் எத்தனை முறை ரொக்கம் நேராகவில்லை என்பதையும் குறிப்பேட்டிலிருந்து படித்துக் காட்டுங்கள். பி12 முடிவு வந்ததும் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.